பூசணம் பூக்காத ரொட்டி

உயிரியலில் ரஸ்மிய்யா எங்கள் வகுப்புக்கு வருமுன்பே இரண்டு முறை தவறியிருந்தார். முதல் முறை தேர்வுக்கு முந்தைய நாள் மாமனார் கண்ணை மூடிவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் கசப்புக் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்குத் தேர்வு நினைவு வந்தபோது விடைத்தாள்களையே திருத்தி முடித்திருந்தார்கள். அடுத்த வருடம் மூத்த மகளின் கல்யாணம் சரியாகச் செய்முறைத் தேர்வு வாரத்தில் வந்து விழுந்தது. மாப்பிள்ளைக்குக் குவைத்தில் அப்போதுதான் விடுப்பு தந்தார்களாம். மூன்றாவது முறையும் தவறினால் குழந்தைக் கல்வித் துறையிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அது எங்கள் பல்கலைக்கழகத்தின் விதி.

பட்டம் அவருக்கு அலங்காரத்துக்கு அல்ல. ஜோர்டானின் இர்பித் நகரப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு மழலையர் பள்ளியில் அவர் பல வருடமாக உதவியாளர். பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைப்பது, கால்சட்டை மாற்றுவது, அழுகிறதைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நடப்பது. பலகைக்கு முன்னால் நின்று பாட்டுச் சொல்லித் தருவதெல்லாம் பட்டம் வாங்கிய சின்னப் பெண்கள். வரும் வருடம் ஒரு வகுப்பு காலியாகிறது, பட்டத்தோடு வந்தால் உனக்குத்தான் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். வராவிட்டால் தலைமையாசிரியையின் தங்கை மகள் இருக்கிறாள்.

அவர் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது வயதினால்தான். நான் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு ஆறு வருடம் ஊர் ஊராக அலைந்து திரும்பியவள். வகுப்பில் மற்ற எல்லாருக்கும் பதினெட்டு. அவர்களோடு உட்கார எங்கள் இருவருக்கும் வெட்கமாக இருந்ததால் கடைசி மேசையில் கூட்டாளிகள் ஆனோம். நான் அவரை ஊர் வழக்கப்படி மகன் பெயரைச் சொல்லி உம்மு கினான், அதாவது கினானின் அம்மா என்பேன். அவர் என்னைக் கண்ணு என்பார், கோபம் வந்தால் ஷுரூக் என்று முழுப்பெயர்.

ஆய்வகத்துக்கு அவர் ஃபிளாஸ்க்கில் சேஜ் இலை போட்ட டீயோடு வருவார். நுண்ணோக்கியில் கண்ணை வைப்பதற்கு முன் பிஸ்மில்லா சொல்வார். மூன்று வயதுப் பிள்ளைக்குச் செல் சுவரைப் பற்றி நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று முதல் வாரமே எங்கள் உயிரியல் விரிவுரையாளர் டாக்டர் ஆஸிமிடம் கேட்டார். டாக்டருக்கு முப்பத்து மூன்று வயதிருக்கும். ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த புதிது, கேள்வியை அறிவியல் கேள்வியாக எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் பதில் சொன்னார். அதற்கப்புறம் ரஸ்மிய்யா அந்த மாதிரிக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். ஆனால் சின்னத் தேர்வுகளில் பழிவாங்கினார். ஈஸ்ட் உயிருள்ளதா, காரணம் தருக என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதில்: அடுப்பில் வைக்கும்வரை. டாக்டர் வெகுநேரம் யோசித்து அரை மதிப்பெண் போட்டார்.

அரை அரையாகச் சேர்ந்ததில், பருவத்தின் கடைசி மாதத்தில் அவர் விளிம்பில் நின்றார். மிச்சம் இருந்தது வீட்டில் செய்யும் ஒரு பரிசோதனை. அதில் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கினால் தேறலாம், இல்லையென்றால் இல்லை.

பரிசோதனை இதுதான், மேசைக்கு ஒன்று. ஒரு துண்டு ரொட்டியை நனைத்து, தட்டில் வைத்து மூடி, ஒரு வாரம் தொடாமல் விட வேண்டும். தினமும் பார்த்துப் படம் வரைய வேண்டும். கறுப்புப் பூசணம் பூத்ததும் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து நுண்ணோக்கியில் வைத்துக் காட்ட வேண்டும். ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளே செய்வார்கள், இதைவிட எளிதானது கிடையாது என்றார் டாக்டர்.

வேண்டுமென்றே அழுக விடணுமா என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். ஆமாம் என்றார் டாக்டர். எழுதிக்கொண்டிருந்த ரஸ்மிய்யாவின் பேனா நின்றது. பிறகு, மதிப்பெண்ணை நினைத்திருப்பார், மறுபடி ஓடியது.

முதல் ரொட்டியை அவர் தன் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கிண்ணம் போட்டு மூடி வைத்தார். மறுநாள் காலை கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. மாமியார் ஹஜ்ஜா ஃபிக்ரிய்யா தொழுகைக்குக் கைகால் கழுவ வந்தவர் பார்த்திருக்கிறார். அல்லாஹ் கொடுத்த ரொட்டி, தரையில், சாக்கடைக் குழாய்க்குப் பக்கத்தில். எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, கொல்லை மதிலின் மேல் வைத்துவிட்டார். ஒன்பது மணிக்குள் குருவிகள் பரிசோதனையை முடித்துவிட்டன.

அது பாடத்துக்கான ரொட்டி என்று ரஸ்மிய்யா விளக்கினாராம். எந்தப் பாடத்திலும் ரொட்டியைத் தரையில் வைக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றாராம் ஹஜ்ஜா. நியாயம்தான், தரையில் வைக்கச் சொல்லவில்லை. அதனால் இரண்டாவது ரொட்டி அலமாரிக்கு மேலே போனது. அங்கே இரண்டு நாள் பத்திரமாக இருந்தது. மூன்றாம் நாள் வீட்டில் விருந்தாளி. பழைய ரொட்டி எங்கேயாவது கிடக்கிறதா என்று தேடிய இரண்டாவது மகள் அதைக் கண்டுபிடித்து, கொண்டைக்கடலையும் தயிரும் ஊற்றி ஃபத்தே செய்துவிட்டாள். எங்கள் பரிசோதனையை நான்கு பேர் சாப்பிட்டார்கள். ரஸ்மிய்யாவும் ஒரு கரண்டி சாப்பிட்ட பிறகுதான் அலமாரியை நிமிர்ந்து பார்த்தார்.

மூன்றாவது ரொட்டியை என் வீட்டில் வைப்பது என்று முடிவானது. உலகம் சுற்றியவள், எனக்கு இந்த உணர்ச்சியெல்லாம் கிடையாது என்று நானும் சொல்லிக்கொண்டேன். என் வீட்டில் என் அம்மா இருப்பதை மறந்துவிட்டேன். அன்று சாயங்காலமே அது, ஆடு வைத்திருப்பவர்களுக்காகத் தெருக்கம்பத்தில் மாட்டும் ரொட்டிப் பையில் இருந்தது. நாலு வார்த்தை திட்டுக் கேட்டதுதான் எனக்கு மிச்சம். வெளிநாட்டில் இதைத்தான் கத்துக்கிட்டு வந்தியா என்பது அதில் மென்மையான வார்த்தை.

ரஸ்மிய்யா அழவில்லை. அவர் பள்ளியில் பிள்ளைகள் அழும்போது தாழ்வாரத்தில் நடப்பது போல என் அறையில் முன்னும் பின்னும் நடந்தார்.

"இந்த ஊர்ல ஒரு மனுஷக் கண்ணு படாத இடம் ஒண்ணு சொல்லு கண்ணு."

என் கார் டிக்கி இருக்கிறது என்றேன். வந்த புதிதில் ஒரு பழைய கொரியக் கார் வாங்கியிருந்தேன். அதன் டிக்கியைத் திறக்க ஒரு குத்து, ஒரு உதை, ஒரு ஸ்க்ரூடிரைவர் வேண்டும். என்னைத் தவிர யாரும் திறந்ததில்லை. நாலாவது ரொட்டியை இனிப்புக் கடை டப்பாவில் நனைத்து வைத்து, டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் செருகினோம். சித்திரை வெயில். காரை நிழலில் நிறுத்தாதே என்று ரஸ்மிய்யா தினமும் ஃபோன் செய்வார். அவருடைய சொந்தப் பிள்ளைகளைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு விசாரித்து நான் பார்த்ததில்லை.

பூத்தது. முதலில் வெள்ளைப் பஞ்சு, பிறகு பஞ்சுக்கு மேல் கறுப்புப் புள்ளிகள், கடைசியில் டப்பா முழுக்கப் பூனைக்குட்டியின் முதுகு மாதிரி. படம் வரைய அவர் வந்தபோது டிக்கியைத் திறந்து காட்டினேன். பாவம், என்னமா ஆயிடுச்சு என்றார், ரொட்டியைப் பார்த்து. உடனே, நல்லா வந்திருக்கு இல்ல என்றார், என்னைப் பார்த்து.

ஆய்வக நாளன்று அவர் அந்த டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறினார். ஆய்வகம் மூன்றாம் மாடி. வகுப்பு மாறும் நேரம், படியெல்லாம் கூட்டம். ஃபோனைப் பார்த்துக்கொண்டே இறங்கிய ஒரு பையன் நேராக வந்து மோதினான். டப்பா திறந்தது. ரொட்டி கவிழ்ந்து படியில் விழுந்தது.

உம்மு கினான், கையால் தொடாதீங்க என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குனிந்து எடுத்துவிட்டார். எடுத்தார், முத்தமிட்டார், நெற்றியில் ஒற்றினார். வீட்டில் உள்ளவர்களிடமிருந்து இரண்டு வாரம் ரொட்டியைக் காப்பாற்றிய பெண்மணி, ஒரு நொடியில் எல்லாவற்றையும் தானே செய்து முடித்தார். அதோடு போகவில்லை. மேல்படியில் நின்ற ஒரு நெட்டைப் பையன், கூடைப்பந்து ஆடுகிறவன் போலிருக்கிறது, பெரியவர்களுக்கு உதவுகிற நல்ல பிள்ளை, ரொட்டியை அவர் கையிலிருந்து மரியாதையாக வாங்கி, யார் காலும் படாதபடி ஜன்னலுக்கு மேலே இருந்த சிமெண்ட் விளிம்பில் வைத்துவிட்டுப் போயே போய்விட்டான். நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்த்தோம். நான் குதித்தும் பார்த்தேன். எட்டவில்லை. மணி அடித்துவிட்டது.

உள்ளே போனால் மற்ற மேசைகளும் ஒன்றும் செழிப்பாக இல்லை. பாதிப் பேர் வெறும் தட்டோடு நின்றார்கள், தாயார், அத்தை, பக்கத்து வீட்டு உம்மு யாரோ என்று காரணம் சொல்லிக்கொண்டு. சிலரிடம் லேசாக வெள்ளை படர்ந்த துண்டுகள் இருந்தன. இரண்டு பெண்கள் புத்திசாலித்தனமாகக் டோஸ்ட் என்று கடையில் விற்கும் பாக்கெட் ரொட்டி வாங்கி வைத்திருந்தார்கள். அதை வீட்டில் யாரும் ரொட்டியாக மதிக்காததால் தொடவில்லை. ஆனால் பூசணமும் அதை ரொட்டியாக மதிக்கவில்லை, ஒரு புள்ளிகூட வரவில்லை. ஒரு பையன் கண் மை தூவிக் கொண்டுவந்திருந்தான். டாக்டர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

எங்கள் மேசைக்கு வந்தபோது அவர் களைத்திருந்தார். ரஸ்மிய்யா தன் அறிக்கையை நீட்டினார். டாக்டர் வாய்விட்டுப் படித்தார். "முதல் நாள், ரொட்டி வெள்ளை. இரண்டாம் நாள், ரொட்டி இல்லை. மறுபடி முதல் நாள்." கொஞ்சம் கீழே வந்து, "தயிரோடு சாப்பிடப்பட்டது." பிறகு நிமிர்ந்து ரஸ்மிய்யாவைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார்.

"உம்மு கினான், உங்க நெத்தியில என்ன?"

கரியாக இருக்கும் என்று அவர் முக்காட்டு நுனியால் துடைக்கப் போனார். டாக்டர், தொடாதீங்க என்று போட்ட அதட்டலில் கண் மைப் பையன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். டாக்டர் ஓடிப்போய் ஒட்டு நாடாவைக் கொண்டுவந்தார். கொண்டுவந்தபின் அவருக்குக் கூச்சம் வந்தது, நாடாவை என்னிடம் கொடுத்தார். நான் அதை ரஸ்மிய்யாவின் நெற்றியில் ஒட்டி, அழுத்தி, உரித்து, கண்ணாடி வில்லையில் பதித்தேன். உதட்டையும் நெற்றியையும் அப்புறம் நன்றாகக் கழுவச் சொன்னார் டாக்டர்.

பிஸ்மில்லா சொல்லி ரஸ்மிய்யா கண்ணை வைத்தார். திருகைத் திருப்பினார். கை நின்றது.

"கண்ணாடி நூல் மாதிரி இருக்கு. நூல் நுனியில கறுப்பு உருண்டை. ஒண்ணு உடைஞ்சு கருஞ்சீரகம் மாதிரி கொட்டிக் கிடக்கு டாக்டர். இது எல்லாமேவா உயிரு?"

"எல்லாமே," என்றார் டாக்டர். "ஒவ்வொரு மணியும் ஒரு வித்து."

ரஸ்மிய்யா கண்ணை எடுக்கவே இல்லை. மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். அன்று வகுப்பு முழுவதும் பார்த்து வரைந்த பூசணம் அவர் நெற்றியிலிருந்து வந்ததுதான். கல்யாண மேடையில் பெண்ணைப் பார்க்க வருகிறவர்களை வரவேற்பது போல அவர் நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவரிடமும் இடது பக்கம் பாரு, அங்கதான் நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் டாக்டர் ஜெர்மனியில் படித்தவர். வில்லைக்கு முழு மதிப்பெண், சரி. தினசரிப் படங்களில் பாதி நாள் ரொட்டியே இல்லை, அதற்குக் குறைத்தே ஆக வேண்டும் என்றார். ரஸ்மிய்யா மனக்கணக்குப் போட்டதை அவர் உதட்டில் பார்த்தேன். தேறுவதற்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம் என்பது தலைமையாசிரியையின் தங்கை மகளுக்குப் போதுமானது.

அவர் வாதாடவில்லை, ஃபிளாஸ்க்கை மூடினார். டாக்டர் வகுப்பைப் பார்த்து, வேலை முடிந்தது, தட்டில் இருப்பதையெல்லாம் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

யாரும் அசையவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். டாக்டர் வெளியே இருந்த துப்புரவுக்காரம்மாவைக் கூப்பிட்டார். அவர் வாசலில் நின்று தட்டுகளைப் பார்த்துவிட்டு, எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு டாக்டர் என்று சொல்லிப் போய்விட்டார். கடைசியில் டாக்டரே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு தொட்டியிடம் போனார். காலால் மிதித்தார், மூடி திறந்தது. ரொட்டியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். மூடி விழுந்தது. தட்டோடு திரும்பி வந்து, தொட்டி நிரம்பியிருக்கிறது என்றார். அது காலித் தொட்டி என்று எல்லாருக்கும் தெரியும்.

இங்கே வைத்தால் நாளைக்குள் ஆய்வகம் முழுக்கப் பரவிவிடும் என்று அவர் தனக்குள் முனகியது ரஸ்மிய்யாவின் காதில் விழுந்தது.

"டாக்டர், பாடத்திட்டத்துல ஆய்வகத்தைச் சுத்தமா ஒப்படைக்கிறதுக்குத் தனியா மதிப்பெண் இருக்கில்ல?"

இருந்தது. ஆனால் இதுவரை யாருக்கும் போட்டதில்லை.

"நான் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய் எங்க ஆலிவ் மரத்தடியில மரியாதையா புதைச்சிடறேன். நீங்களும் நிம்மதியா தூங்குவீங்க."

"இது பேரம் உம்மு கினான்."

"இல்ல டாக்டர், இது பாடத்திட்டம்."

டாக்டர் தட்டை மேசையில் வைத்தார். பிறகு பேனாவை எடுத்தார். எழுதியதை ரஸ்மிய்யா தலைகீழாகவே படித்துவிட்டார். மேசை மேசையாகப் போய்த் தட்டுகளை அடுக்கினார். நெட்டைப் பையனைத் தேடிப் பிடித்து, ஜன்னலுக்கு மேலே இருந்ததையும் இறக்கச் செய்தார். எல்லாவற்றையும் என் டிக்கியில் ஏற்றினோம்.

சிவப்பு விளக்கில் கார் நின்றபோது அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டு, மரத்தடியில் ஒரு குழி வெட்டி வைக்கச் சொன்னார். ஹஜ்ஜாவின் குரல் எனக்கே கேட்டது.

"யாரும்மா செத்தது?"

"யாரும் சாகல அத்தை. நான் பாஸ் ஆயிட்டேன்."

அப்படியென்றால் குழி எதற்கு என்று கேட்டார் ஹஜ்ஜா. ரஸ்மிய்யா விளக்க ஆரம்பித்தார். வீடு வந்து சேரும்வரை விளக்கிக்கொண்டிருந்தார்.