பொன்னம்மாளின் பூ ஓடுகள்

பீரோவில் நகை வைக்கிற இடத்தில் கல்லை வைத்துப் பூட்டிய ஒரே பெண்பிள்ளை எங்கள் பிளாக்கில் பொன்னம்மாக்காதான். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குவார்ட்டர்ஸில் அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். என் பேர் கனகம், பிறந்தது பக்கத்தில் வடக்குத்து. வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அக்காவுக்குத் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். சங்கரலிங்கம் அண்ணனைக் கட்டிக்கொண்டு நெய்வேலிக்கு வந்தவர். அண்ணனுக்கு மைன்ஸில் பெர்மனென்ட் வேலை. கல்யாணமான புதிதில், "ரிட்டையர் ஆனதும் உங்க ஊருக்கே போயிருவோம், கடலைப் பாத்து வீடு கட்டுவோம்" என்று அவர் சொன்னாராம். சொன்னவருக்கு அது எப்போதோ மறந்துபோயிற்று. அக்கா அதை நம்பியேதான் அத்தனை வருஷமும் ஓட்டினார்.

கல் வந்தது 2011-ல். அண்ணனோடு வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணத்துக்காக அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். முதல் நாள் நல்ல மழை. பந்தலை ஒட்டி உழுது போட்ட கொல்லை. அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சேற்றில் இறங்கிவிட்டார். "யக்கா, இன்னா பண்ற? அங்க தாலி கட்டப்போறாங்க!" என்று நான் கத்துகிறேன், காதிலேயே வாங்கவில்லை. திரும்பி வந்தபோது கையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கல். முந்தானையால் துடைத்துக் காட்டினார். மேலே ஐந்து இதழில் ஒரு பூ, ஊசியால் புள்ளி குத்தி வரைந்த மாதிரி.

"இது எங்க ஊரு கடல்ல கெடக்கும் கனகம். உயிரோட இருக்கும்போது மேலெல்லாம் முள்ளு. செத்தா முள்ளு உதிந்து ஓடு கரையில ஒதுங்கும். நாங்க பூ ஓடுன்னு சொல்லுவோம். சின்ன வயசுல பாவாடை நெறையப் பொறுக்குவேன். இங்க எப்படி வந்துச்சு? கடலே இல்லியே!" என்று சொல்லிக்கொண்டே அழுதுவிட்டார். கல்யாண வீட்டில்! எனக்கு மானமே போயிற்று.

அக்காவின் மகள் ஹரிணிதான் காலேஜில் விசாரித்து வந்து விளக்கினாள். அது கடல் முள்ளெலியாம். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் அரியலூர்ப் பக்கமெல்லாம் ஆழமில்லாத கடலாக இருந்ததாம். கடல் விலகிப் போனபிறகு மண்ணில் புதைந்த ஓடு கல்லாகிவிட்டதாம். அக்கா கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இதுவும் என்ன மாதிரிதான் தனியாக் கெடக்கு" என்றார்.

அன்றைக்குப் பிடித்த பித்து அது. மழை பெய்துவிட்டால் அக்காவுக்கு வீட்டில் கால் தரிக்காது. அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்பியதும் என் கதவைத் தட்டுவார். விருத்தாசலம் போய் அங்கிருந்து இன்னொரு பஸ். கொல்லைக்காரர்கள் கலப்பையில் தட்டுகிற கல்லையெல்லாம் பொறுக்கி வரப்பில் குவித்திருப்பார்கள். கேட்டால், "எடுத்துட்டுப் போங்கம்மா, சனியன் ஒழிஞ்சா சரி" என்பார்கள். அக்கா குவியலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். உருண்டையாக இருக்கிறதே என்று எடுக்கமாட்டார். விரலால் தடவி, அந்தப் புள்ளி வரிசை தட்டுப்பட்டால்தான் மடியில் போடுவார். நான் ஆசையாகப் பொறுக்கித் தந்ததையெல்லாம் ஒரு பார்வை பார்த்துத் தூர எறிவார். வீட்டுக்கு வந்து பழைய டூத் பிரஷால் மெல்லத் தேய்ப்பார். வினிகர் ஊற்றினால் அழுக்கு சீக்கிரம் போகும் என்று யாரோ சொன்னபோது, "பூவும் சேந்து கரைஞ்சிரும்" என்று தடுத்துவிட்டார். பிறகு பிஸ்கட் டின்னில் பழைய துணியை விரித்து அடுக்கி, பீரோவில் வைத்துப் பூட்டுவார்.

"இத்தனையும் இன்னாத்துக்குக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஊருக்குப் போவும்போது கொண்டுபோயி கடல்ல விட்டுருவேன். பாவம், தண்ணியப் பாத்து எவ்வளவு காலமாச்சு!"

"மொதல்ல நீ போய்ச் சேருக்கா" என்று கிண்டல் செய்தேன்.

"அவுக ரிட்டையர் ஆகட்டும், போவேன்" என்றார். அதைச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே!

2017-ல் அண்ணன் ரிட்டையர் ஆகிற சமயம். வடக்குத்தில் மனை வாங்கி அஸ்திவாரமும் போட்டபிறகுதான் மனுஷன் வீட்டில் வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரி பக்கம், கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் அங்கேதான், ஹரிணிக்கும் பண்ருட்டியில் பாங்க் வேலை. எல்லாம் நியாயமான காரணம்தான். அதனால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அநியாயமாக எதையாவது சொல்லியிருந்தால் அக்கா ஒரு சண்டையாவது போட்டிருப்பார்.

"அப்ப எங்க ஊரு?" என்று மட்டும் கேட்டாராம்.

"வருஷத்துக்கு ஒருக்கா போயிட்டு வந்தாப் போச்சு" என்றாராம் அவர்.

அக்கா என்னிடம் வந்து சொன்னார். "நான்தான் போவலை. இதுகளையாவது கொண்டு விட்டுட்டு வாரேன். வீடு பால் காய்ச்சி முடிஞ்சதும் கெளம்புதேன்." மகளிடம் சொல்லித் திருச்செந்தூருக்கு ரயில் டிக்கெட்டும் போட்டுவைத்தார். டின்களை வேறு சாமானோடு கலக்காமல் தனியாகக் கட்டிவைத்ததை நானே பார்த்தேன்.

பால் காய்ச்சுகிற அன்று காலையில் புது வீட்டு வாசலில் எல்லோரும் கூடியிருந்தோம். நிலைவாசலை ஒட்டின சுவரில் ஒரு வேட்டி தொங்கியது. அண்ணன் அதைச் சரக்கென்று இழுத்தார். சுவர் முழுக்கப் பூ ஓடு. அக்கா பொறுக்கிய அத்தனையும், பூ முகம் வெளியே தெரிய, சிமென்டில் பதித்திருந்தது. சாமான் ஏற்றும்போது அந்த டின்களை அண்ணனே முன்னால் கொண்டுபோனது இதற்குத்தான். வந்தவர்கள் கை தட்டினார்கள்.

"ஒண்ணுகூட விடல பொன்னம்மா. பீரோவுக்குள்ள பூட்டி என்ன பிரயோசனம்? இனிமே தெனமும் வாசல்லயே பாத்துக்கிட்டு இருக்கலாம்" என்றார் அண்ணன். எதிலோ முதல் பரிசு வாங்கிய பையன் மாதிரி நின்றார். அக்கா மேல் அவருக்கு உயிர், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே அந்த மனுஷனுக்கு!

அக்கா ஒரு பூ ஓட்டைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மேஸ்திரி ராஜாங்கத்திடம், "பேத்து எடுத்தா வருமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒடஞ்சி பூடும்மா. கலவை நல்லா புடிச்சிக்கினு இருக்குது. ஆயுசுக்கும் அசையாது" என்றார் ராஜாங்கம் பெருமையாக.

அக்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாயிருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பால் வைக்க உள்ளே போனார்.

டிக்கெட்டை அக்கா ரத்து செய்துவிட்டதாக ஹரிணி சொன்னாள். மனசு கேட்காமல் மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். அக்கா வாசலில் நின்று சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். புதுச் சிமென்டை நனைக்கத்தானே வேண்டும் என்று கிட்டே போனால், காலடியில் கல்லுப்புப் பாக்கெட் பிரிந்து கிடக்கிறது.

"அய்யய்யோ, தண்ணியில உப்பையா போட்ட? கலவையெல்லாம் அரிச்சிக் கொட்டிடும்க்கா!"

அக்கா இன்னொரு கை உப்பை அள்ளி வாளியில் போட்டுக் கலக்கினார்.

"தெரியும் கனகம். உப்புக்காத்துல சுவரு என்ன ஆவும்னு கடக்கரையில பொறந்தவளுக்குத் தெரியாதா?" என்றார். "மெதுவா உதிரட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."