தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு

ராஜப்பாவின் நோட்டைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழு நாள், ஏழு கட்டம், ஏழிலும் 98.4. காய்ச்சல் இல்லை, உடம்பு வலி இல்லை, ஊசி போட்ட இடத்தில் வீக்கம்கூட இல்லை. அறுபத்தெட்டு வயசு உடம்பு ஒரு புள்ளி ஏறவுமில்லை, இறங்கவுமில்லையாம். யாரிடம் கதை விடுகிறார்?

பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி நடத்தும் கொரோனா தடுப்பூசிப் பரிசோதனையில் எனக்கு வேலை. அன்புச்செல்வி கோலார் தங்க வயல்காரிதானே என்று, இங்கே சேர்ந்த பதினொரு பேரையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஊசி புது வகை. மருந்து துளிதான், அதிலிருக்கும் எம்ஆர்என்ஏ செல்லுக்குள் போய்ச் சில நாள் தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும். பெருகுவது கிருமி அல்ல, கிருமியை அடையாளம் காட்டும் குறிப்பு. அந்த நாட்களில் உடம்பு என்ன செய்கிறது என்று தெரியத்தான் நோட்டும் தெர்மாமீட்டரும் கொடுத்தோம்.

ராஜப்பா சுரங்கம் மூடும்வரை இருபத்துமூன்று வருஷம், ஆளை உள்ளே இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் இறங்கி ஏறியவர். அவர் மனைவி ரத்தினம்மா, இரண்டாம் அலையில், தடுப்பூசிக்கு வாங்கிய டோக்கன் கையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். அதனால் இந்த ஊசியின் இரண்டு தவணையையும் போட்டே தீருவது என்று ராஜப்பா பிடிவாதமாக இருந்தார்.

தெர்மாமீட்டரை அழுத்தினேன். பார்த்த அளவையெல்லாம் அது நாள்வாரியாக நினைவில் வைத்திருக்கும். மூன்றாம் நாள் 101.3.

"இன்னா பெரிப்பா இது?"

அவர் சுவரைப் பார்த்தார். "காய்ச்சல்னு எழுதினா அன்ஃபிட்டுனு அனுப்பிடுவீங்க இல்ல?"

சுரங்கத்தில் மெடிக்கல் நாளன்று எல்லோரும் செய்ததுதான். லவங்கத்தை வாயில் அதக்கிக்கொண்டு, இருமலை விழுங்கிக்கொண்டு டாக்டர் முன்னால் நிற்பார்கள். அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் கேஜ் கிடையாது.

"காய்ச்சலுக்கு யாரையும் அனுப்ப மாட்டோம். நீங்க மறைச்சா, நாளைக்கு இத போட்டுக்கறவங்களுக்கு நாங்க தப்பா சொல்லுவோம்."

நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு இரண்டாம் நாளையும் மூன்றாம் நாளையும் ஒற்றைக் கோடாய் அடித்து, சரியான அளவை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

"சேரும்போது மூச்சு வாங்குதான்னு கேட்டமே, அதுக்கும் இப்படித்தான் சொன்னீங்களா?"

"அத சொன்னாலும் அனுப்ப மாட்டீங்களா?"

பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "அது டாக்டர் கையில கீது பெரிப்பா."

பேனாவை மூடினார், திறந்தார். "வாங்குது. பன்னண்டு வருசமா. ரத்தினம்மாவுக்கே தெரியாது."

எக்ஸ்ரேயில் நுரையீரலின் இரண்டு பக்கமும் சுரங்கத் தூசி. மார்புச் சிகிச்சைக்கு எழுதிக்கொடுத்த டாக்டர், இரண்டாவது ஊசி வேண்டாம் என்றார். போனில் சொல்லத் தைரியமில்லாமல் நேரில் போனேன்.

"அன்ஃபிட்டா?" என்றார்.

"ஊசிக்கு மட்டும். ஒரு வருஷம் ரத்தம் குடுக்க வரணும். லிஸ்ட்ல உங்க பேரு அப்படியே இருக்கு."

அவர் முகம் விழுந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் எழுந்தேன்.

"இரும்மா," என்று நோட்டை நீட்டினார். ஏழு நாளோடு நிறுத்த வேண்டியதை அவர் நிறுத்தவில்லை. கட்டம் தீர்ந்துபோன இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். படி ஏறினால் மூச்சு. காலையில் இருமல். ஞாயிற்றுக்கிழமை பரவாயில்லை. இருபத்தொரு நாள், ஒன்றுகூட மற்றதைப் போல இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது.