ஆள் இல்லாத படத்துக்கு ஒரு பிலிம்

எதிலும் முடிவெடுக்கத் தடுமாறுவது பிரதீஸின் பிறவிக்குணம். சந்தையில் ஒரு பூசணிக்கீற்று வாங்குவதற்குக்கூட எல்லாக் கடையும் ஏறி இறங்குவான். அப்படிப்பட்டவனிடம்தான் அவன் மனைவி யசோதினி ஊரைவிட்டுப் போகுமுன் ஒரே ஒரு படம் கேட்டாள்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். வெள்ளத்தில் வட்டையில் நெல் முழுக்க அழுகிப்போன வருசம் அது. அவன் ஓட்டும் ஆட்டோவை மட்டும் நம்பிக் குடும்பம் நிமிரவில்லை.

"என்ட போன அங்க வாங்கி வச்சிருவாங்களாம்," என்றாள். "நம்மட ஆத்தங்கரையக் கடதாசியில எடுத்துத் தாங்க. படுக்கிற இடத்தில ஒட்டி வைப்பன்."

பாசிக்குடாவுக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பழைய பிலிம் கமெரா பிரதீஸிடம் இருந்தது. சவாரி இல்லாத நேரமெல்லாம், ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியையும் வானத்தையும் எடுத்துக்கொண்டு திரிவான். படத்துக்குள் யாராவது நடந்து வந்தால் எரிந்து விழுவான். குளிர்ப்பெட்டியில், தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில், இரண்டு பிலிம் சுருள்கள் இருந்தன. ஒளியை வாங்கும் வேகத்தில் ஒன்று நூறு, மற்றது நானூறு. எதைப் போடுவது என்று கொழும்பில் படம் கழுவும் அழகரத்தினத்திடம் போனில் கேட்டான்.

"நல்ல வெயில் எண்டா நூறு. தண்ணியும் பச்சையும் பளிச்செண்டு விழும். ஆனா ஆக்கள எடுத்திராதீங்க தம்பி, முகம் சிவந்துபோகும். நானூறு மந்தாரத்துக்கும் தாங்கும், ஆக்களுக்கும் நல்லம். நிறம்தான் கொஞ்சம் அடங்கி நிக்கும்."

கேட்டதும் குழப்பம் இரட்டிப்பானது. ஒன்றைப் போட்டால் முடியும்வரை கழற்ற முடியாதே! காலையில் வெயிலைக் கண்டு நூறை எடுப்பான். கல்லடிப் பக்கம் ஒரு மேகம் தலைகாட்டினால் திரும்ப வைத்துவிட்டு நானூறைத் தடவுவான். நாட்கள் ஓடின. பயணப்பெட்டி கட்டியாகிவிட்டது.

"குளிர்ப்பெட்டிக் கதவச் சாத்துங்க, தயிர் புளிக்குது," என்றாள் யசோதினி. "நான் போனாப் பிறகா எடுக்கப் போறீங்க?"

அன்று பின்னேரம் வானம் வெளித்தது. ஆள் இல்லாத படம்தானே என்று நூறையே போட்டான். யசோதினியும் அவள் தங்கை கம்சாயினியும் கூடவே கரைக்கு வந்தார்கள். வெளிச்சம் கூடினாலும் பிலிம் சமாளிக்கும், குறைந்தால் நிறம் சேறாகிவிடும் என்ற பயத்தில் அவன் வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யசோதினி தண்ணீரோரம் போனாள்.

"தள்ளி நில்லு புள்ள! படத்துக்குள்ள வாறாய்!"

அவள் அவனுக்குப் பின்னால் போய் நின்றாள். சூரியன் இறங்கும்வரை அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை.

"அத்தான், கடைசிப் படத்தில எங்களயும் எடுங்க," என்று கம்சாயினி விடாமல் நச்சரித்தாள்.

"இந்தப் பிலிம் ஆக்களுக்குச் சரிவராது கம்சா," என்று முணுமுணுத்தபடியே திரும்பி, அவசரமாகப் பொத்தானை அமத்தினான்.

சுருள் கொழும்புக்குப் பஸ்ஸில் போனது. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் படங்களை வாங்கிக்கொண்டார்கள். வாவி அச்சொட்டாக வந்திருந்தது. செம்பு நிறத் தண்ணீர், கரும்பச்சைக் கண்டல் மரங்கள், ஒரு தோணி. பிரதீஸுக்குப் பெருமை தாங்கவில்லை. யசோதினி அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தாள். விமான நிலைய வாசலில் சகோதரிகளின் படத்தை அவன் கையில் திணித்தாள்.

"இது உங்களுக்கு."

"பாத்தியா, முகமெல்லாம் சிவந்துபோச்சு! நான் அப்பவே சொன்னன், பிலிம் அப்பிடி."

"ஓம், பிலிம்தான்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

திரும்பும் பஸ்ஸில் அந்தப் படத்தை மறுபடியும் எடுத்தான். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"நூறு பிலிம், அண்ணே. ஆக்கள எடுத்தா இப்பிடித்தான் சிவக்கும்," என்றான்.

"மற்றப் பிள்ளைக்குச் சிவக்கயில்லையே," என்றார் அவர்.

பிரதீஸ் குனிந்து பார்த்தான். அதே வெளிச்சத்தில், அதே பிலிமில், கம்சாயினியின் முகம் மாநிறமாகவே சிரித்துக்கொண்டிருந்தது. யசோதினிக்கு மட்டும் கண்ணும் மூக்கும் சிவந்து, இமை வீங்கியிருந்தது. அந்தப் பின்னேரம் முழுக்க அவனுக்குப் பின்னால் நின்று அழுதிருக்கிறாள். போனை எடுத்து அவளை அழைத்தான். அதற்குள் அவளுடைய போன் நிறுத்தப்பட்டிருந்தது.