பின்னில் பதிந்த கட்டைவிரல்

விடியலில் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருவேன். பிறகு பைக்கில் பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போவேன். விமானக் கதவுக் கீலில் செருகுகிற ‘பின்’ என்ற உலோக முளையைக் கடைவது என் வேலை. எட்டு வருஷமாக டைட்டானியத்தில்தான் கடைந்தேன். கடைந்ததும் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்ப்பேன். சொரசொரப்பு இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

போன வருஷம் ஒரு நாள் முதலாளி புதுக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

“டைட்டானியம் கட்டுப்படி ஆகலையாம்பா. இனிமே இந்த ஸ்டீலுதான். சாதா இரும்பு இல்ல, செம ஸ்ட்ராங்கு. எடைதான் கொஞ்சம் கூட. நாளைக்கு மத்தியானம் கம்பெனியிலேர்ந்து வர்றாங்க. நாலு பின் சாம்பிள் வேணும். புடிக்கலைன்னா வேற பட்டறைக்குக் குடுத்துடுவாங்க.”

பின் வேலை போனால் எனக்கு அங்கே வேறு வேலை இல்லை.

சாயங்காலத்துக்குள் நாலையும் முடித்தேன். தடவினேன். வழவழவென்று இருந்தது. வழக்கம்போல ஜன்னலோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் பக்கத்து லேத்து பாய் கூப்பிட்டார்.

“ஏம்பா, இங்க வந்து பாரு. நாலுலயும் உன் கட்டவெரல் இருக்குது.”

பழுப்பாக, ரேகை ரேகையாகத் துரு. டைட்டானியம் துருப் பிடிக்காது. அந்தப் பழக்கத்தில் எண்ணெய் பூசாமல் போய்விட்டேன். என் கையோ உப்பு ஊறின கை.

“நீ கைய வுட்டுக் கலக்குனா பிரியாணிக்கு உப்பே வேணாம்” என்றார் பாய்.

சிரித்துவிட்டேன். ஆனால் துடைத்தால் துரு போகும், அடியில் புள்ளி நிற்கும். விமானத்துக்கு அது ஆகாது. முதலாளியிடம் போனேன்.

“தப்பு என்மேலதாங்க.”

“கம்பி மிச்சம் இருக்குதா?”

“நாலு பின்னுக்குச் சரியா இருக்குதுங்க.”

“அப்பறம் இங்க என்ன பேச்சு? போ.”

பாய் என்னை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார். கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் லேத்தை நிறுத்தினதும் அவரே பின்னைக் கழற்றி எண்ணெயில் போட்டார். என்னைத் தொட விடவில்லை. நாலாவது எண்ணெயில் விழுந்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

வந்த மேடம் அளந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“ஃபினிஷ் நல்லா வந்திருக்கு. இதையே பண்ணுங்க” என்றார். “எப்படி செக் பண்றீங்க?”

“கண்ணாலதாங்க மேடம்” என்று பாய் முந்திக்கொண்டார். “இவரு தொடவே மாட்டாரு.”

முதலாளிக்கு இருமல் வந்துவிட்டது.

துருப் பிடித்ததில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். உப்பளத்துக் கொட்டகைக் கதவுக்கு இப்போது அதுதான் கொண்டி. தினமும் தடவிவிட்டுத்தான் போகிறேன்.