புழுதி இருமல்

செராமிக் பட்டறையில் பொம்மைகளுக்கு அச்சு ஊற்றுவது என் வேலை. பிளாஸ்டர் அச்சின் இரு பாதிகளையும் சேர்த்து ரப்பர் பட்டையால் இறுகக் கட்டி, உள்ளே களிமண் கூழை ஊற்ற வேண்டும். மூட்டுவாதம் வந்தபின் என் விரல்களால் பட்டையை இழுக்க முடியவில்லை. வேறு வேலை எனக்குத் தெரியாது.

பழைய மருந்துகள் கேட்காமல் போகவே, கடலூர் டாக்டரம்மா புது மாத்திரை ஒன்றைச் சொன்னார். ஐந்தாவது வரைதான் படித்தேன் என்றாலும் அவர் சொன்னது நன்றாகப் புரிந்தது. உடம்பின் செல்களுக்கு மேல்புறத்தில் சேதி வாங்கும் ஏற்பிகள் உண்டு. வீக்கத்தைக் கிளப்பும் புரதம் அங்கே வந்து ஒட்டும். உடனே ஏற்பியின் உள்பக்கம் இருக்கும் என்சைம் அந்தச் சேதியை உள்ளே அனுப்பும். மாத்திரை அந்த என்சைமைத் தடுக்கிறது. புரதம் ஒட்டினாலும் சேதி போகாது, மூட்டு வீங்காது.

"கிருமி வந்தாலும் இதே மாதிரி சேதி போயித்தான் உடம்பு எதுத்து நிக்கும். அதான் கேக்கிறேன், இருமல் இருக்குதுங்களா?"

இல்லையென்று தலையாட்டினேன். பட்டறையில் எல்லாருக்கும் இருப்பது புழுதி இருமல். அதை நாங்கள் இருமல் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பக்கத்தில் இருந்த என் மனைவி விடவில்லை. "ராவெல்லாம் இருமுறாருங்க. கேட்டா புழுதிம்பாரு. ஞாயித்துக்கிழம பட்டறையே லீவு, அன்னிக்கும் அந்தப் புழுதி வூடு தேடி வருதுங்களா?"

டாக்டரம்மா சிரித்தார். ஆனால் மாத்திரை எழுதவில்லை. சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். காசநோய்க் கிருமி இருந்தது. அதற்கான மருந்தை முழுசாக முடித்த பிறகுதான் மூட்டு மாத்திரை என்று சொல்லிவிட்டார்.

அந்த மாதங்களில், கிருமி பரவாது என்று டாக்டர் சொன்னபின் பட்டறைக்குப் போனேன். பக்கத்து மேசை அக்கா என் அச்சுகளுக்கும் பட்டை கட்டித் தந்தார். நான் கூழ் ஊற்றினேன்.

இப்போது அந்த மாத்திரை சாப்பிடுகிறேன். பட்டையை நானே இழுத்துக் கட்டுகிறேன். போன வாரம் அக்கா குனிந்து இருமினார். நான் வாய் திறப்பது அபூர்வம். அன்று திறந்தேன்.

"அக்கா, சளிய ஒரு வாட்டி காட்டிடுங்க."

"இது புழுதிப்பா" என்றார்.

"நானும் அதத்தான் சொன்னேங்கக்கா."

மறுநாள் அவர் அரைநாள் லீவு சொல்லியிருந்தார். அவருடைய அச்சுகளுக்கு நான்தான் பட்டை கட்டினேன்.