துத்தி டீயும் என் சாட்சியும்

பைல்ஸ் என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருடம் லோரி ஓட்டினேன். ரத்தம் வந்த பிறகுதான் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைக் கிள்ளானில் ஒரு கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா மருந்தும் நார்ச்சத்துப் பொடியும் கொடுத்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் துத்தி இலை டீ குடிக்கலாமா என்று மனைவி கேட்டாள். மருந்தோடு சேர்த்துக் குடித்தால் தப்பில்லை, ஆனால் எல்லா ரத்தமும் மூலத்தால் வருவதில்லை, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஒரு தேதியும் வாங்கிக் கொடுத்தார்.

மூன்று வாரத்தில் ரத்தம் நின்றது. எது நிறுத்தியது என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் அந்தப் பெருமை டீக்கும் ஜெபத்துக்கும் போனது. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் என் பின்புறத்துக்காக இருபது பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். பதிலுக்கு நான் சபையில் சாட்சி சொல்ல வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்தேன். கர்த்தர் ஒரு இலையைக் கொண்டு என்னைச் சுகமாக்கினார் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. சுகமானவனுக்குக் கேமரா எதற்கு என்று அந்தத் தேதியை விட்டுவிட்டேன்.

இரண்டே மாதத்தில் ரத்தம் திரும்பி வந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? என் பேச்சைக் கேட்டு, பந்திங்கிலிருந்து சபைக்கு வரும் ஒரு அக்கா தன் புருஷனுக்கும் அதே டீயை வாங்கிப் போயிருந்தார். காலையில் மனைவி டம்ளரை நீட்டுவாள், குடிப்பேன். உள்ளாடையை நானே துவைத்தேன். நல்ல புருஷன் என்று அதற்கும் பாராட்டு வாங்கினேன். எட்டு மாதம் ஓடியது இந்த வெட்கங்கெட்ட பிழைப்பு.

போன மாதம் சரக்கு இறக்கும் இடத்தில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். மூலம் இருந்தது, அதற்கு மேலே புற்றுக்கட்டியும் இருந்தது. எவ்வளவு நாளாக ரத்தம் போகிறது என்று டாக்டர் கேட்டார். மனைவி முந்திக்கொண்டு, அது நின்று வருஷமாகப் போகிறது என்றாள்.

"இல்ல டாக்டர், எட்டு மாசமா போவுது," என்றேன்.

அப்போதே வந்திருந்தால் சின்னதாக இருக்கும்போதே எடுத்திருக்கலாம் என்றார் அவர். இப்போது கல்லீரலையும் பார்க்க வேண்டுமாம்.

லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போது மனைவி சொன்னாள்.

"சபையில யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

சரி என்று தலையாட்டினேன்.