பத்துச் சீனிப் பைக்கற்றுகள்

பாரிஸ் லாச்சப்பல் தேநீர்க்கடையில் எனக்கு எதிரே உட்காரும் அந்த அண்ணைக்கு நரைத்த மீசை, பாத்திரம் கழுவி வெளுத்த விரல்கள். ஊரில் நாங்கள் படித்த சின்னக் கல்லூரியின் உதைபந்தாட்ட அணியை, ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால், சீனிப் பைக்கற்றுகளால் மேசையில் அடுக்கிக் காட்டுவார். நேற்றுப் பத்துத்தான் வைத்தார்.

“கோல்கீப்பர் எங்கை அண்ணை?”

“அவன் என்ரை மருமகனெல்லே. போன மாசம் இஞ்சை கூப்பிட்டிட்டன். சார்செலிலை நிக்கிறான்.”

அதே மூச்சில், “ஊர்ப் பெடியளுக்கு இப்ப பந்திலை அக்கறையில்லை. இந்தமுறையும் தோக்கப்போறாங்கள்” என்று திட்டத் தொடங்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால், போன வருடம் அந்த அணியின் சென்டர் பார்வேர்டை, என் தம்பியை, இங்கே கூப்பிட்டவன் நான்.